அம்மாவின் இடுப்பெலும்பு எக்ஸ்ரே: நாங்கள் சென்ற நிலையத்தைப் பற்றி

குளியலறையில் வழுக்கி விழுந்த என் அம்மாவுக்கு வயது 74. இடுப்பெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்படி எங்கள் குடும்ப மருத்துவர் எழுதிக்கொடுத்ததால், வீட்டுக்கு அருகிலுள்ள தனியார் ஊடுகதிர் நிலையம் ஒன்றுக்கு அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்றேன். படம் எடுத்த விதத்தில் எனக்கு முழு மனநிறைவு. ஆனால், வருமுன் தெரிந்திருக்க வேண்டியவற்றை அவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை.

முதல் குறை, உணவைப் பற்றியது. இந்தப் படத்துக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. அதை யாரும் கூறாததால், நீரிழிவுள்ள அம்மா பசியாறாமலேயே வந்து களைத்துப்போனார். 'உலோகப் பொருள்களை அகற்றவும்' என்ற ஆங்கில அறிவிப்பைப் படித்துச் சொன்னதும் தாலிச் சங்கிலியைக் கழற்ற முற்பட்டார், அதற்கும் தேவையில்லை. இடையூறாக இருப்பவை இடுப்புக்கும் தொடைக்கும் அருகில் இருப்பவைதாம்: சேலை ஊக்கு, வெள்ளி அரைஞாண், கால்சட்டைப் பையிலுள்ள சாவி, ஏன், பாவாடை நாடாவின் தடித்த முடிச்சுகூட எலும்பின்மீது நிழலாக விழக்கூடும்.

உள்ளே படமெடுத்த பெண்மணியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். மல்லாந்து படுக்கவைத்து, கால் பெருவிரல்கள் ஒன்றையொன்று நோக்கும்படி பாதங்களை ஏறத்தாழ 15 பாகை உட்புறம் திருப்பினால்தான் தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முழு நீளத்துக்குத் தெரியும் என்று விளக்கிய அவர், முறிவு இருக்கலாம் என்பதால் வலித்த காலை வலிந்து திருப்பவேயில்லை. கதிர் பாய்வது ஒரு நொடிக்கும் குறைவான நேரந்தான்; அதுவரை அசையாமல் இருந்தால் போதும்.

கதிர்வீச்சைப் பற்றி அஞ்சிய என்னிடமும் அவர் பொறுமையாகப் பேசினார். இப்படத்தில் உடலில் சேர்வது சுமார் 0.6 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). உலகச் சராசரிப்படி, இயற்கையிலிருந்தே ஓராண்டில் நமக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. ஆகவே, இது ஏறக்குறைய மூன்று மாத அளவு. கருவுற்றிருக்கக்கூடிய பெண்கள் மட்டும் அதைக் கட்டாயம் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். அவர்கள் துணைக்கு வந்திருந்தாலும் படமெடுக்கும் அறைக்குள் நிற்கக் கூடாது.

முடிவை அங்கேயே கேட்டேன், சொல்லவில்லை. அது முறையானதே, ஏனெனில் படத்தைப் படித்து அறிக்கை எழுதுவது ஊடுகதிர் மருத்துவரின் பொறுப்பு. மறுநாள் வந்த அறிக்கையில் முறிவு எதுவும் குறிப்பிடப்படவில்லை. ஆயினும், முதியோருக்கு மயிரிழை போன்ற விரிசல் எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம் என்பதால், காலை ஊன்ற முடியாத அளவு வலி நீடித்தால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருக்கும் என்று எங்கள் மருத்துவர் எச்சரித்தார். நல்ல வேளையாக, மூன்றாம் நாள் அம்மா கைத்தடியுடன் நடக்கத் தொடங்கினார்.

தேவைப்பட்டால் மீண்டும் அங்கேயே செல்வேன். உணவு, ஊக்கு, அரைஞாண் ஆகியவற்றைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி முகப்பில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.