நிலம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டிய 2 அரசுத் தளங்கள்

பத்திரப்பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட்டும் வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் தளமும் நிலம் வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஏற்கெனவே நிலம் வைத்திருப்பவர்களுக்குத்தான் இவை அதிகம் தேவை, அதிலும் ஊரில் ஒரு காலி மனையை விட்டுவிட்டு துபாய், சிங்கப்பூர், பெங்களூர் என்று பிழைக்கப் போனவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது தங்கள் சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். பார்வையிடக் கட்டணம் கிடையாது.

முதலில் டிஎன்ரெஜிநெட். மின்னணு சேவைகளுக்குள் போய் வில்லங்கச் சான்று (ஒரு நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்) பார்வையிடுதலைத் திறந்து மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், தேதி, புல எண் (சர்வே எண்), உட்பிரிவு எண் எல்லாம் கொடுத்தால் பிடிஎஃப் வந்துவிடும். ஒவ்வொரு பதிவிலும் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், கண் முதலில் அங்கேதான் போக வேண்டும். நீங்கள் கிரயம் வாங்கியதற்குப் பிறகு, கேள்விப்படாத யாரோ ஒருவர் உங்கள் நிலத்தை எழுதிக்கொடுத்தவராக நின்றால் உடனே விசாரிக்க வேண்டும். பக்கத்திலேயே கைமாற்றுத் தொகை, முந்தைய ஆவண எண், கீழே நான்கு எல்லைகள் எல்லாம் இருக்கும். அந்த முந்தைய ஆவண எண்ணைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று வரிசையாகத் தெரியும்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் நிலம் 45/2பி என்றால் அதை மட்டும் போட்டால் போதாது, உட்பிரிவு ஆவதற்கு முன்னால் அது 45/2 ஆகத்தானே இருந்திருக்கும், அந்த எண்ணையும் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய அடமானமும் பாகப்பிரிவினையும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சீக்கிரம் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-ல் தமிழ்நாடு கொண்டுவந்த 77-ஏ பிரிவை சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் செல்லாது என்று சொல்லிவிட்டது, அதனால் சொந்தக்காரர் சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது. பதிவு நடந்து பல வருடம் கழித்து முழிப்பதும், நடந்த சில மாதங்களில் கையும் களவுமாகப் பிடிப்பதும் ஒன்றல்ல. அப்புறம் ஆக்கிரமிப்பு விஷயம் இருக்கிறது: தனியார் நிலத்தில் ஒருவர் 12 வருடம் எதிரிடையாக (சொந்தக்காரரின் உரிமையை மறுத்து, தன்னுடையது என்று), வெளிப்படையாக, தொடர்ந்து அனுபவித்தால் அவர் உரிமை கேட்க 1963-ன் காலவரையறைச் சட்டம் இடம் கொடுக்கிறது. வேறு நிபந்தனைகளும் உண்டு என்றாலும், பார்க்க ஆளில்லாத மனைக்கு இது நிஜமான ஆபத்து.

இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), புறம்போக்கு (அரசுப் பொது நிலம்) நில விவரம் எல்லாம் உண்டு. பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் வரும், 0 - 12.50 என்று இருந்தால் 1250 சதுர மீட்டர், ஏறக்குறைய 31 சென்ட். சென்ட்டையும் சதுர அடியையும் பக்கத்திலேயே போட்டிருந்தால் கிராமத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்.

என்னைப் பொறுத்தவரை இதில் அதிகம் உதவுவது அ-பதிவேடும் புலப்படமும்தான். என் மச்சான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மனை பார்த்தார், வரைபடத்தில் 30 அடி ரோடு என்று அழகாகக் கலர் அடித்திருந்தார்கள். ரோட்டின் சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி அ-பதிவேட்டில் போட்டோம், அரசு நிலம், வாய்க்கால் என்று வந்தது. புரோக்கரிடம் கேட்டதற்கு, “இந்த ஏரியால எல்லாமே அப்படித்தான் சார், பத்து வருஷமா யாரும் கேக்கல” என்றார். யாரும் கேட்கவில்லை என்பதற்காக வாய்க்கால் அவருடையது ஆகிவிடுமா? அதில் ஓடும் தண்ணீரில், வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கும் வயல்காரர் ஒவ்வொருவருக்கும் பங்கு இருக்கிறது, அதைத் தூர்த்து ரோடு போட்டு விற்பது அவர்களிடமிருந்து திருடுவதுதான், வேறு நல்ல பெயர் அதற்கு வேண்டாம். மச்சான் அந்த மனையை வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

வீட்டு வரி ரசீது இருக்கிறது, கரண்ட் கனெக்‌ஷன் இருக்கிறது என்று காட்டி புறம்போக்கை விற்கிறவர்களும் உண்டு. இவை எதுவும் அந்த நிலத்துக்கு உரிமை தராது. ஆக்கிரமிப்பை அகற்ற 1905-லிருந்தே சட்டம் இருக்கிறது, ஏரிகளைக் காப்பதற்கென்றே 2007-ல் தனிச் சட்டம் வந்தது. இடிக்க வரும் நாளில் காசு கொடுத்து ஏமாந்தவர் தெருவில் நிற்பார், விற்றவரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்.

குறைகளும் சொல்ல வேண்டும். பதிவுத் துறையும் வருவாய்த் துறையும் ஒரே கிராமத்தை வேறு வேறு பெயரில் வைத்திருப்பது உண்டு, புதிதாகப் பார்ப்பவர் திணறிப் போவார். மிகப் பழைய பதிவுகளுக்குப் பல நேரம் நேரில்தான் விண்ணப்பிக்க வேண்டும். உயில் வில்லங்கத்தில் வராது, நிலுவையில் இருக்கும் வழக்கும் பல நேரம் தெரியாது, அதற்கு நீதிமன்ற வழக்குகளைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தனியாகத் தேடுங்கள். பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது என்பதே முழு உரிமைக்குச் சான்றாகாது, மூலப் பத்திரம் வேண்டும் என்று கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

இத்தனைக்கும் பிறகும் இந்த இரண்டு தளங்களுக்கும் ஐந்துக்கு நான்கு மார்க் தாராளமாகக் கொடுப்பேன். இலவசமாகப் பார்க்கும் பிரதி உங்கள் தெளிவுக்குத்தான், வங்கிக்கோ கோர்ட்டுக்கோ வேண்டுமென்றால் அதே டிஎன்ரெஜிநெட்டில் கட்டணம் கட்டி கையொப்பமிட்ட சான்றாக வாங்கிக்கொள்ளுங்கள்.