ஃபயர்ஃபாக்ஸ் இஎஸ்ஆர்: ஆபீஸுக்குச் சரி, வீட்டுக்கு வேண்டாம்

ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே எல்லா மிஷினிலும் ஓடுவது ஃபயர்ஃபாக்ஸ் இஎஸ்ஆர் (Extended Support Release), அதாவது பெரிய மாற்றங்கள் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர். பிரவுசருக்கெல்லாம் விமர்சனமா என்று கேட்பவர்கள், ராத்திரியோடு ராத்திரியாக மெனு மாறிப்போய், "தம்பி, நேத்து வரைக்கும் இங்கதான இருந்துச்சு?" என்று நாலு மேசையிலிருந்து ஒரே நேரத்தில் குரல் கிளம்பும் இடத்தில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

2011 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 4 வந்தது. ஜூனிலேயே 5 வந்துவிட்டது. ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்று குரோம் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவும் அதே ஓட்டத்தில் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு பதிப்பையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊழியர்களுக்குக் கொடுக்க வேண்டிய நிறுவனங்கள் சும்மா இருக்குமா? கூச்சல் போட்டன. அதன் பலன், 2012 ஜனவரியில் பதிப்பு 10-ஐ வைத்து வந்த முதல் இஎஸ்ஆர். 2020-இலிருந்து சாதா ஃபயர்ஃபாக்ஸ் நான்கு வாரத்துக்கு ஒன்று. இஎஸ்ஆர் ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று.

இஎஸ்ஆர் போட்டால் அப்டேட் தொல்லையே இல்லை என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தப்பு. அதற்கும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை அப்டேட் உண்டு. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதுதான் அதன் முக்கிய வேலை. தோற்றத்தில் கை வைக்காது. உதவி மெனுவில் 'ஃபயர்ஃபாக்ஸ் பற்றி' என்பதைத் திறந்தால் 140.5.0 இஎஸ்ஆர் என்பதுபோல் ஒரு எண் இருக்கும். 140-உடன் அந்த நடு எண்ணைக் கூட்டுங்கள்: 145. சாதா ஃபயர்ஃபாக்ஸ் 145-உடன் சேர்ந்து வந்த அடைப்பு இது என்று அர்த்தம். யாராவது போனில் பிரவுசர் பிரச்சினை சொன்னால் நான் முதலில் கேட்பது இந்த நடு எண்ணைத்தான். ஒரு சின்ன எச்சரிக்கை: கடுமையான ஓட்டைகளுக்கான அடைப்புதான் இதில் உறுதியாக வரும். சில்லறைக் கோளாறுகள் அடுத்த பெரிய பதிப்பு வரைக்கும் அப்படியே கிடக்கலாம்.

புது இஎஸ்ஆர் வந்த பிறகும் பழையதற்குக் கொஞ்ச காலம் அடைப்புகள் வந்துகொண்டிருக்கும். நான் இதற்கு மார்க் போடுவது இரண்டு இஎஸ்ஆரும் சேர்ந்து உயிரோடிருக்கும் அந்த மூன்று மாதத்துக்காக. 2021 ஜூனில் 89-ஆம் பதிப்பில் டேப்களின் உருவமே மாறியது. பட்டையோடு ஒட்டியிருந்தவை தனித்தனிப் பட்டன்களாக மிதக்க ஆரம்பித்தன. வீட்டில் எனக்கு அது அன்றைக்கே வந்துவிட்டது. இஎஸ்ஆருக்கு ஆகஸ்டில், 91-உடன்தான் வந்தது. ஆனாலும் பழைய 78-க்கு அக்டோபர் வரை அடைப்புகள் வந்துகொண்டிருந்தன. ஆடிட் வேலை முட்டிக்கொண்டு நிற்கும் மாதங்களில் யாருடைய திரையும் மாறவில்லை. ஒரு மிஷினில் மட்டும் 91-ஐப் போட்டு, டிஜிட்டல் கையெழுத்து, பிரிண்டர் எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் மற்றவர்களுக்கு.

வீட்டுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? இணையம் நம் இஎஸ்ஆருக்காகக் காத்திருப்பதில்லை. இணையப் பக்கங்களின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் 'ஹேஸ்' என்றொரு வசதி; ஒரு பகுதிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து அதன் தோற்றத்தை மாற்ற உதவுவது. குரோமில் 2022-இலேயே இருந்தது, ஃபயர்ஃபாக்ஸில் 2023 டிசம்பரில், 121-இல் வந்தது. இஎஸ்ஆர் 115-இல் இருந்தவர்களுக்கு 2024 ஜூலையில் 128 வரும்வரை கிடையாது. அதை நம்பிக் கட்டிய பக்கங்கள் அந்த இடைவெளியில் கோணலாகத் தெரிந்தால் குற்றம் யார் மீது? தள வடிவமைப்பாளரைத் திட்டிப் பயனில்லை.

அடையாளத்தை மறைத்து இணையத்தில் உலவ உதவும் டோர் பிரவுசர் இஎஸ்ஆர் மீதுதான் கட்டப்படுகிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் நிலையான பதிப்பிலும் இதுதான் வருகிறது. அங்கே தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. மூலநிரல் திறந்திருந்தாலும், மாதாமாதம் மாறும் ஒன்றின் மேல் தங்கள் மாற்றங்களைத் திரும்பத் திரும்பப் பொருத்துவது சின்னக் குழுக்களுக்கு முதுகொடியும் வேலை. விண்டோஸ் 7-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும், அதில் ஓடும் கடைசி இஎஸ்ஆரான 115-தான் கைகொடுத்தது. 2024-இலேயே முடிய வேண்டிய அதன் ஆயுளை மொசில்லா தள்ளித் தள்ளிப் போட்டது பெரிய மனசுதான்.

மாற நினைப்பவர்களுக்கு ஒன்று. சாதா ஃபயர்ஃபாக்ஸ் ஓடும் மிஷினில் இஎஸ்ஆரை ஏற்றினால், அது தனக்கென்று புது புரொஃபைல் (புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் சேர்த்து வைக்கும் கோப்புறை) போட்டுக்கொள்ளும்; புதிய பதிப்பில் திறந்த புரொஃபைலைப் பழைய பதிப்பில் திறக்க விடாது. புக்மார்க், பாஸ்வேர்டு இரண்டையும் முதலிலேயே எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு வேலையில் இறங்குங்கள்.