கல்யாண டிவிடிக்கு எந்த ஃபார்மட்? இத்தனை வருடம் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது

முதல் கல்யாண டிவிடியை 2007-ல் போட்டேன். இன்றைக்கும் பென் டிரைவோடு சேர்த்து ஒரு டிஸ்க்கும் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிக்காக. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் பேத்தியின் கல்யாணம் ஓட வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு.

இடையில் டிவிடி ஆதரிங் மென்பொருளை, அதாவது வீடியோவையும் ஆடியோவையும் மெனுவோடு டிஸ்க்காகக் கட்டித் தருவதை, நான்கு முறை மாற்றிவிட்டேன். மெனு அழகு, சாப்டர் வைக்கும் வசதி, வேகம் எல்லாம் ஒன்றுக்கொன்று மாறும். ஆனால் டிஸ்க் தேறுவதும் கெடுவதும் பெரும்பாலும் நாம் உள்ளே கொடுக்கும் வீடியோ, ஆடியோ கோப்பைப் பொறுத்துத்தான் இருக்கிறது. இதை நான் தெரிந்துகொண்டது ஒரு கெட்டிமேளத்தில்.

ஆரம்ப காலத்தில் என்னிடம் இருந்தது 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். கேமராவின் மினி டிவி (MiniDV) கேசட்டைக் கணினியில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி போய்விடும். இடத்தை மிச்சப்படுத்த, எடிட் முடிந்த ஆடியோவைத் தனியாக எம்பி3 ஆக எடுத்து வைத்தேன், அதுவும் பிட்ரேட் (ஒரு நொடிக்கு எத்தனை பிட் என்ற அளவு) மாறிக்கொண்டே இருக்கும் வகையில். ஆதரிங் மென்பொருள் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டது. தொடக்கத்தில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. டிஸ்க்கைக் கொடுத்த மூன்றாம் நாள் பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார். “தம்பி, மாப்பிள்ளை மூணு முடிச்சும் போட்டு நிமிர்ந்த அப்புறம்தான் மேளம் கொட்டுது, பாருங்க” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சங்கடம் இன்னும் நினைவில் இருக்கிறது. வேறு எந்தக் காட்சியில் பிசகினாலும் மன்னித்துவிடுவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் பிசகலாமா?

காரணம் பிறகு புரிந்தது. டிவிடி வீடியோ தரத்தில் எம்பி3-க்கு இடமே கிடையாது. ஏஏசி-க்கும் கிடையாது. நம் நாட்டு டிவிகளின் பால் (PAL) முறையில் டிஸ்க் ஏற்பது எம்பெக்-2 வீடியோ, 720-க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம். ஆடியோ என்றால் சுருக்காத பிசிஎம், சுருக்கிய ஏசி-3, எம்பி2 ஆகியவற்றில் ஒன்று, அதுவும் 48 கிலோஹெர்ட்ஸில். வேறு எதைக் கொடுத்தாலும் மென்பொருள் தானே மாற்றிக்கொள்ளும். அந்த மாற்றத்தின்போது என்ன நடக்கிறது என்று நமக்குக் காட்டாது. மாறும் பிட்ரேட் எம்பி3-யின் நேரத்தை அது கணக்கிட்டதில் சிறு பிசகு. அது நிமிடத்துக்கு நிமிடம் சேர்ந்துகொண்டே போய் முகூர்த்தத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து என் வழக்கம் இதுதான்: எடிட்டிங் மென்பொருளிலிருந்து ஆடியோவை 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாக எடுப்பேன். அதை நானே ஏசி-3 ஆக மாற்றுவேன். வீடியோவைத் தனியாக, ஒலி இல்லாத எம்பெக்-2 ஆன எம்2வி கோப்பாக்குவேன். ஆதரிங் மென்பொருளுக்கு இரண்டையும் சேர்த்து மெனு கட்டும் வேலை மட்டும்தான். அது மறுபடி என்கோட் செய்ய (புதிதாகச் சுருக்கி எழுத) ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட்டு, எந்த அமைப்பில் தப்பு என்று தேடுவேன்.

வேவ் கோப்பை அப்படியே பிசிஎம் ஆக டிஸ்க்கில் போட்டால் ஒலி இன்னும் நன்றாக இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும்தான். ஆனால் இடக் கணக்கைப் பாருங்கள். ஒற்றை அடுக்கு டிஸ்க்கின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டு மணி நேரப் படத்துக்கு அதைப் பங்கிட்டால் நொடிக்கு 5.2 மெகாபிட் வரும். ஸ்டீரியோ பிசிஎம் மட்டுமே அதில் 1.5 மெகாபிட்டை எடுத்துக்கொள்ளும். ஏசி-3 என்றால் 256 கிலோபிட் போதும். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து முழங்கும் இடத்தில் 192-க்கும் 256-க்கும் எனக்கு வித்தியாசம் கேட்கிறது. அதற்கு மேல் கூட்டியபோது கேட்கவில்லை. மிச்சமாகும் ஒரு மெகாபிட்டுக்கு மேலான இடம் வீடியோவுக்குப் போகிறது, படத்தில் அது நன்றாகத் தெரியும். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் நிச்சயதார்த்தம், வளைகாப்பு, அரங்கேற்றக் கச்சேரி போன்றவற்றுக்குப் பிசிஎம் போடுவேன். இடம் தாராளமாக இருக்கும்போது ஒலியைச் சுருக்க வேண்டியதில்லை.

ஏசி-3-யில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பேச்சின் சராசரி ஒலி அளவைப் பிளேயருக்குச் சொல்லும் டயலாக் நார்மலைசேஷன் என்ற அமைப்பு. பல என்கோடர்களில் இது -27 என்று இருக்கும். அப்படியே விட்டால் பிளேயர் ஒலியை 4 டெசிபல் குறைத்துவிடும். “டிவியில் சத்தம் கம்மியா இருக்கு” என்று வாடிக்கையாளர்கள் சொன்னபோது, நான் எடிட்டிங்கில் ஒலியைக் கூட்டிக் கூட்டி வைத்துத் தவில் சத்தத்தைக் கரகரக்க விட்டேன். -31 என்று மாற்றியிருந்தாலே முடிந்திருக்கும்.

வீடியோவில் ஒரு கல்யாணத்தை விடக் கடினமான பாடம் எம்பெக்-2-வுக்குக் கிடையாது என்பது என் கருத்து. தாலி கட்டும் நேரத்தில் மேடையைச் சுற்றிலும் அட்சதை பறக்கிறது, பூ பறக்கிறது, ஹோமப் புகை எழும்புகிறது, நாலு கேமராவின் ஃபிளாஷ் மாறி மாறி அடிக்கிறது. ஒவ்வொரு ஃபிளாஷிலும் படம் முழுக்க மாறுவதால் முந்தைய ஃபிரேமிலிருந்து என்கோடர் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. பிட் போதாமல் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். ஆனால் வரவேற்பில் வரிசையாக வந்து மொய்க்கவரைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் ஒரு மணி நேரத்துக்கு 3 மெகாபிட் இருந்தாலே தாராளம். அதனால் ஒரே சீரான பிட்ரேட் வேண்டாம். இரண்டு முறை அலசும் மாறும் பிட்ரேட் என்கோடிங்கே இதற்குச் சரி. இரண்டு மணி நேர டிஸ்க்குக்கு நான் வைப்பது சராசரி 4.7 மெகாபிட், உச்சம் 8. தரத்தின்படி வீடியோ 9.8 வரை போகலாம். ஆனால் பர்ன் செய்த டிஸ்க்கில் அந்த வேகம் வந்தால் பழைய பிளேயர்கள் திணறி நின்றதைப் பார்த்திருக்கிறேன். மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் அடைக்கச் சொன்னால் சராசரி 3.5-க்கும் கீழே இறங்கிவிடும். அப்போது இரண்டு டிஸ்க் போடச் சொல்லிப் பேசிப் பார்ப்பேன்.

அரக்குச் சிவப்புப் பட்டும் ஜரிகையும் வேறொரு சிக்கல். டிவிடியில் நான்கு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல்தான் பதிவாகிறது. அதனால் அடர்சிவப்பின் ஓரங்கள் படிக்கட்டு போலத் தெரியும். எடிட்டிங்கில் சிவப்பின் செறிவைக் கொஞ்சம் குறைத்தால் அது அடங்கும். ஜரிகையின் மெல்லிய கோடுகள் டிவியில் மினுக்கிக்கொண்டே இருந்தால், செங்குத்தாக மிக லேசான பிளர் கொடுத்துவிட்டு என்கோட் செய்யுங்கள்.

ஃபீல்டு வரிசையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டிவிக்கான ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்ட கோடுகள் கொண்ட இரண்டு பாதிகளாக வரும், அவைதான் ஃபீல்டுகள். பால் மினி டிவி கேசட்டில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். ஹெச்டிவி (HDV), ஏவிசிஹெச்டி (AVCHD) கேமராக்களில் மேல் ஃபீல்டு முதலில். இரண்டு கேமராவையும் ஒரே டைம்லைனில் கலந்து, என்கோடரில் தப்பான வரிசையைக் கொடுத்தால் பெண் மணவறைக்கு நடந்து வரும்போது உடம்பெல்லாம் நடுங்கும். கணினித் திரையில் பல நேரம் இது தெரியவே தெரியாது. அதனால் முதலில் அழித்து எழுதக்கூடிய ஒரு டிஸ்க்கில் போட்டு, சாதாரண பிளேயரிலும் டிவியிலும் கடைசி இருபது நிமிடத்தை ஓட்டிப் பார்ப்பேன். ஒலி விலகல் இருந்தாலும் கடைசியில்தான் தெரியும்.

இப்போது சொந்தக்காரர்கள் செல்போனில் எடுத்ததையும் சேர்க்கச் சொல்கிறார்கள். போன் வீடியோவில் ஃபிரேம் ரேட் நிலையாக இருக்காது, வெளிச்சத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். அப்படியே டைம்லைனில் போட்டால் உதடும் பேச்சும் விலகும். எடிட்டிங்குக்கு முன்பே அதை நிலையான 25 ஃபிரேமாக மாற்றிக்கொள்கிறேன். போன் 30 ஃபிரேமில் எடுப்பதால் மாற்றியபின் அசைவில் ஒரு சின்னத் தட்டல் இருக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு டிவிடிஸ்டைலர் என்ற இலவச ஆதரிங் மென்பொருள் போதும். வீடியோ ஏற்கெனவே சரியான எம்பெக்-2 ஆக இருந்தால், தலைப்பின் பண்புகளில் ‘காப்பி’ என்று வைத்துவிடுங்கள், அது கோப்பைத் தொடாது. கோப்புகளை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் கட்டளையில் இலக்கை பால் டிவிடி என்று கொடுத்தால் அளவு, ஃபிரேம் ரேட், முழு ஃபிரேம்களுக்கு இடையே 15 ஃபிரேம் இடைவெளி, 48 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் தானே அமையும். ஆனால் ஆடியோவை 448 கிலோபிட்டில் வைக்கும், அதை மட்டும் நான் குறைத்துக்கொள்கிறேன். முடிந்த கோப்பை, அதன் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் ஒரு முறை பார்த்துவிடுவேன், அரை நிமிட வேலை. சாப்டர் புள்ளிகள், மற்ற ஃபிரேமைச் சாராத முழு ஃபிரேம் இருக்கும் இடத்தில்தான் நிற்கும். 15 ஃபிரேமுக்கு ஒன்று என்றால் 0.6 நொடி வரை நகரலாம். அதனால் மாங்கல்ய தாரணத்தின் சாப்டரை இரண்டு நொடி முன்னாலேயே வைத்துவிடுகிறேன்.

இந்த வருடம் அதிகமாக வரும் வேலை தலைகீழானது. பழைய டிஸ்க்கைக் கொண்டுவந்து போனில் பார்க்கிற மாதிரி மாற்றித் தரச் சொல்கிறார்கள். டிஸ்க்கில் படமும் ஒலியும் இருக்கும் விஓபி கோப்புகள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாமல் துண்டாகியிருக்கும். அவற்றைத் தனித்தனியாக மாற்றினால் ஒட்டும் இடங்களில் ஒலி வெட்டும், முதலில் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். ஏசி-3 ஒலியைப் பல போன்கள் பாடாது, அதை ஏஏசி ஆக்கி, ஃபீல்டுகளைச் சேர்த்து டிஇன்டர்லேஸ் செய்து எம்பி4 ஆகக் கொடுக்கிறேன். போன மாதம் வந்தவற்றில் 2008-ல் நானே போட்ட டிஸ்க் ஒன்று இருந்தது. கோப்பை மாற்றி முடித்ததும் நேராக முகூர்த்தத்துக்குப் போய்ப் பார்த்தேன். முடிச்சு விழும் நேரத்தில் மேளம் சரியாகக் கொட்டியது.