வெண்கலமா, லினனா? கிரேக்கக் காலாளின் மார்புக்கவசம்

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கிரேக்கக் கனரகக் காலாள், அதாவது ஹோப்லைட், உடுத்தியதை எல்லாம் நானே செய்து அணிந்து பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கேடயத்திலும் ஈட்டியிலும் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. மார்புக்கு வந்தபோதுதான் வாரக்கணக்கில் தயங்கினேன். முன்னும் பின்னும் இரண்டு தகடாக அடித்த வெண்கலக் கவசம் ஒரு வழி. லினனை, அதாவது ஆளிச் செடி நாரில் நெய்த துணியை, பல மடிப்பாக வைத்துச் செய்த லினோதோராக்ஸ் இன்னொன்று. கடைசியில் லினனைத்தான் தைத்துக்கொண்டேன், இப்போதும் அதன் பக்கம்தான் இருக்கிறேன்.

வெண்கலத்தின் அழகை யாரும் மறுக்க முடியாது. ஆர்கோஸ் நகரத்துக் கல்லறை ஒன்றில் 1953இல் கிடைத்த கவசம் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. இடுப்பில் மணியின் வாய்போல வெளியே விரிந்து நிற்கும். பின்னால் வந்த தசைக் கவசத்தில் மார்பும் வயிறும் தொப்புளும்கூடத் தகட்டிலேயே எழும்பியிருக்கும். ஈட்டி முனை சாய்வாகப் பட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடும். பராமரிப்பும் பலர் நினைப்பது போலக் கடினமில்லை. ஸ்பார்ட்டாவில் வெண்கலக் கேடயம் ஏன் என்பதற்குக் கிரேக்க எழுத்தாளர் செனஃபோன் சொல்லும் காரணமே, அது சீக்கிரம் துலங்கும், மெதுவாகத்தான் மங்கும் என்பது.

விலை என்று பார்த்தால் லினன்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் நல்ல லினன் மலிவான சரக்கு இல்லை, நெய்யவும் தைக்கவும் ஆகும் கைவேலையும் நிறைய. ஆகவே விலையை வைத்து நான் முடிவு செய்யவில்லை. கைமாற்றி விற்பதைப் பற்றி ஏதென்ஸின் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 421இல் மேடையேற்றிய ‘அமைதி’ நாடகத்தில் ஒரு காட்சி வரும். சண்டை நின்றதும் ஆயுத வியாபாரி பத்து மினா, அதாவது 1,000 திராக்மா வெள்ளிக் காசு பெறும் மார்புக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். மலம் கழிக்கும் பாத்திரமாக வேண்டுமானால் வைத்துக்கொள்கிறேன் என்பான் நாயகன். நகைச்சுவைக்காக விலையை ஏற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓர் உடம்புக்கு என்று அடித்த தகட்டுக்கு இரண்டாவது ஆள் கிடைப்பது கடினம் என்பது நிஜம்.

என்னைப் பொறுத்தவரை எல்லாம் அளவு உடம்புக்குப் பொருந்துவதில்தான் இருக்கிறது. கவசம் செய்யும் பிஸ்டியாஸின் பட்டறைக்கு சாக்ரடீஸ் போய்ப் பேசியதை செனஃபோன் எழுதிவைத்திருக்கிறார். மற்றவர்களுடையதைவிட உன் கவசம் உறுதியும் இல்லை, அதற்கு ஆகும் செலவும் கூடுதல் இல்லை, பிறகு ஏன் அதிக விலை என்று கேட்கிறார் சாக்ரடீஸ். அளவு பொருந்துவதால் என்கிறான் பிஸ்டியாஸ். பொருந்தாத கவசத்தின் பாரம் முழுக்கத் தோளில் தொங்கும். பொருந்தினால் அதே பாரம் காறை எலும்பு, தோள், மார்பு, முதுகு, வயிறு என்று பிரிந்து இறங்கிவிடும்.

நண்பர் ஒருவரின் வெண்கலக் கவசத்தை ஒரு பிற்பகல் முழுக்க அணிந்தபோது இது புரிந்தது. அவர் என்னைவிட நான்கு விரல் உயரம், மார்பும் அகலம். நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லை. இடது கையைக் கேடயப் பிடியில் நுழைத்து மார்புக்கு உயர்த்தியதும் தகட்டின் விளிம்பு அக்குளில் ஏறியது. ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்தால் கீழ் விளிம்பு தொடையில் முட்டி, கழுத்து விளிம்பு தாடைக்கு வந்தது. ஒரு மணி நேரத்தில் அக்குள் சிவந்துபோனது. எனக்கென்று அடித்திருந்தால் இவ்வளவு படுத்தியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹோப்லைட் பதினெட்டு வயதுப் பையனாகவும் இருப்பான், ஐம்பதைத் தாண்டியவனாகவும் இருப்பான். உடம்பு மாறும், தகடு மாறாது.

லினனில் இந்தச் சிக்கலே இல்லை. உடம்பைச் சுற்றி வரும் ஒரே பட்டை, கேடயம் மறைக்கும் இடப்பக்கத்தில் கட்டு. முதுகிலிருந்து இரண்டு தோள் மடல்கள் முன்னால் வந்து மார்பில் நாடாவால் இறுகும். இடுப்புக்குக் கீழே நீளவாக்கில் கீறிய தொங்கல்கள் இரண்டு வரிசை, மேல் வரிசையின் இடைவெளியைக் கீழ் வரிசை மறைக்கும். எடை கூடினால் கட்டைத் தளர்த்தலாம், குறைந்தால் இறுக்கலாம். அண்ணன் அணிந்ததைத் தம்பியும் அணியலாம். பெர்லினில் இருக்கும் சோசியாஸ் கிண்ணம் என்ற பழைய கிரேக்க ஓவியக் கிண்ணத்தில், டிராய் போர்க் கதையின் வீரன் அக்கிலீஸ் காயத்துக்குக் கட்டுப்போட, அவன் தோழன் பாட்ரோக்லஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவிழ்ந்த பாட்ரோக்லஸின் தோள் மடல் காதோரம் செங்குத்தாக நிற்கும். என் மடலின் முடிச்சை முதன்முறை அவிழ்த்தபோது அதுவும் அப்படியே எழும்பி நின்றது. ஓவியன் பார்த்துத்தான் வரைந்திருக்கிறான் என்று அப்போது நம்பினேன்.

செய்முறையில் சண்டை ஓயவில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே வளாகத்தில் வரலாற்றாசிரியர் கிரிகரி ஆல்ட்ரெட்டின் குழு பசை போட்டு ஒட்டிய லினனைச் செய்து அம்புகளால் சோதித்தது, நன்றாகவே தாங்கியது. பசை எதற்கு, மெத்தைபோல வைத்துத் தைத்ததுதான் என்பவர்களும், அது தோல் கவசம் என்பவர்களும் இருக்கிறார்கள். நான் முதலில் தச்சர்கள் வஜ்ஜிரம் என்கிற பசையை வைத்து ஒட்டினேன். வியர்வை இறங்கிய இடத்தில் இளகிவிட்டது. அப்புறம் பதினாறு மடிப்பை அடுக்கி, சணல் ஊசியால் வரி வரியாகத் தைத்தேன். அது நிற்கிறது. நனைந்தால் நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கிழிந்தால் ஊசியும் நூலும் போதும். நசுங்கிய வெண்கலத்தைக் கொல்லனிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

பாதுகாப்பில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை, இரண்டிலும் அடி வாங்கிப் பார்க்கவில்லை. பழங்காலக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பவுசானியாஸ் லினனுக்கு எதிராகவே பேசுகிறார்: வேட்டைக்குச் சரி, சிங்கத்தின் பல் அதில் மாட்டி முறியும், ஆனால் ஓங்கிக் குத்தினால் இரும்பு உள்ளே போகும். இதைத் தள்ளிவிட முடியாது. இன்னொரு பக்கம், இஃபிக்ராட்டீஸ் என்ற ஏதென்ஸ் தளபதி தன் வீரர்களின் வெண்கலத்தைக் கழற்றி லினன் கொடுத்தார் என்று ரோமானிய எழுத்தாளர் நேபோஸ் எழுதுகிறார். பாரம் குறைந்தது, காப்பு குறையவில்லை என்பது அவர் கணக்கு. முன்வரிசையில் ஓரிடத்தில் நின்று ஈட்டியை வாங்க வேண்டியவனுக்கு வெண்கலம் நல்லது என்றே படுகிறது. நாள் முழுக்க நடந்து, பிறகு ஓடி, குனிந்து, எழ வேண்டியவனுக்கு லினன்.

நீங்களும் தைப்பதானால், துணியைத் தொடுமுன் அக்குள் வளைவைக் கெட்டி அட்டையில் வெட்டி உடம்பில் கட்டிக்கொண்டு, கேடயக் கையைத் தூக்கிப் பாருங்கள். நான் இரண்டு விரல் அகலம் அதிகமாக வெட்ட வேண்டியிருந்தது.