கான்ஸ்டபிளைப் பார்த்து வரைய: 'தி ஹே வெயின்' எடுப்பதா, மேகங்களா?

நிலக்காட்சி பழக ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிளைப் பார்த்து வரையலாம் என்று முடிவெடுத்த பலரும் அடுத்து திணறுவது இங்கேதான்: குதிரை பூட்டிய வைக்கோல் வண்டி ஆற்றில் நிற்கும், 1821-இல் வந்த 'தி ஹே வெயின்' ஓவியமா, அல்லது 1821, 22-இல் லண்டன் ஹாம்ஸ்டெட் மேட்டில் அவர் தீட்டிய மேகப் படங்களா? (காப்பி அடிக்கிறோமே என்ற கூச்சம் வேண்டாம், அவரே பழைய நிலக்காட்சி ஓவியர் கிளாட் லொரேனைப் பார்த்து வரைந்து பழகியவர்தான்.)

செலவு
மேகம்: ப்ரைமர் (அடிப்பூச்சு) பூசிய தடித்த தாள், நான்கைந்து ட்யூப் எண்ணெய் வண்ணம்.
ஹே வெயின்: கேன்வாஸ், பச்சைகளைக் கலக்க இரண்டு மூன்று மஞ்சள், சின்னச் சின்னப் பிரஷ்கள்.

நேரம்
மேகம்: ஒரு மணி நேரம்.
ஹே வெயின்: வாரக்கணக்கு, அடுக்கடுக்காகக் காய வேண்டுமே.

கிடைப்பது
மேகம்: ஈர வண்ணத்தின் மேலேயே அடுத்த வண்ணத்தை வைத்து, எந்த ஓரத்தைக் கரைப்பது, எதைக் கூர்மையாக விடுவது என்று கை பழகும், கெட்டுப்போனால் தாளைத் தூக்கிப்போட்டு அடுத்ததை எடுக்கலாம்.
ஹே வெயின்: ஒரு மரத்துக்குள்ளேயே எத்தனை பச்சை இருக்கிறது, குதிரைச் சேணத்தின் துளிச் சிவப்பு அத்தனை பச்சையையும் எப்படித் தூக்கிக் காட்டுகிறது, நிழலான முன்பக்கத்திலிருந்து வெயில் புல்வெளிக்குக் கண் எப்படிப் போகிறது, எல்லாம் இதில்தான்.

எண்ணெய் வண்ணம் புதிது என்றால் முதலில் பத்து மேகம் போடுங்கள். கை பழகியவர்கள் ஹே வெயினுக்குப் போகலாம், ஆனால் முழுப் படத்தையும் அல்ல, வலது பக்க மரங்களையும் புல்வெளியையும் மட்டும். இல்லையென்றால் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அதன் முழு அளவு முன்வரைவை எடுங்கள், அதில் பிரஷ் போன வழி இன்னும் வெளிப்படையாகத் தெரியும்.