சொந்த நியூஸ்லெட்டர்: ஓராண்டு தாண்டிய பிறகு தெரியவரும் கணக்கு

ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் நியூஸ்லெட்டர் (வாசகருக்கு மின்னஞ்சலில் போகும் மடல்) தொடங்கும்போது முதலில் கேட்பது, "எந்தத் தளம் நல்லது?" என்றுதான். முதல் மாதத்தில் அது பெரிய கேள்வி. ஒன்றரை ஆண்டு ஓட்டிப் பார்த்தால் அது நாலாவது இடத்துக்கு இறங்கியிருக்கும். மடல் யார் டொமைனிலிருந்து (இணைய முகவரிப் பெயரிலிருந்து) போகிறது, இன்பாக்ஸில் விழுகிறதா, வாசகர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வெளியேற முடியுமா ஆகிய மூன்றும் அதற்கு மேலே வந்து உட்கார்ந்துவிடும்.

தளம் மூடப்படும் என்பது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2021 ஜனவரியில் ட்விட்டர் வாங்கிய நியூஸ்லெட்டர் தளமான ரெவ்யூ, 2023 ஜனவரியில் மூடப்பட்டது. தனிநபர் மடல்களுக்கென்றே இருந்த டைனிலெட்டரை 2011-இல் வாங்கிய மெயில்சிம்ப், 2024 பிப்ரவரி 29-ஆம் தேதி அதை நிறுத்தியது. பட்டியலை இறக்கிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள் என்றாலும், தளத்தின் முகவரியிலேயே இருந்த பழைய மடல்களின் சுட்டிகளை யாராலும் காப்பாற்ற முடியாது. பழைய மடல்கள்தான் ஃப்ரீலான்சரின் மாதிரிக் கோப்பு; அவற்றின் சுட்டியைத்தான் எடிட்டர்களுக்கு அனுப்புகிறோம். ஆகவே முதல் செலவு டொமைன். அதுவும் முதல் மடலுக்கு முன்பே.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சப்ஸ்டாக் என்ற நியூஸ்லெட்டர் தளத்தில் ஒருமுறைக் கட்டணம் செலுத்திச் சொந்த டொமைன் இணைக்கலாம். ஆனால் அது இணையப் பக்கத்துக்கு மட்டும். மின்னஞ்சல் சப்ஸ்டாக் முகவரியிலிருந்துதான் போகும். டிஎன்எஸ் (டொமைனின் பதிவேடு) தலைவலி மிச்சம் என்பது நல்லது. வாசகரின் மெயில்பெட்டியில் நம்பகமான அனுப்புநர் என்று சேர்ந்த நற்பெயர் சப்ஸ்டாக்குடையது, வெளியேறும்போது அது கூட வராது என்பது மறுபக்கம். கோஸ்ட், பட்டன்டவுன், பீஹைவ் ஆகிய மற்ற மூன்று தளங்களிலும் சொந்த டொமைனிலிருந்தே அனுப்ப வழி இருக்கிறது.

2017-இல் தொடங்கிய சப்ஸ்டாக், கட்டணச் சந்தாவில் 10 சதவீதம் எடுக்கும். இலவச மடலுக்கு எதுவும் இல்லை. அதன் பரிந்துரை வசதியால் எண்ணிக்கை வேகமாக ஏறும். ஆனால் வேறொரு மடலில் சேரும்போது போகிற போக்கில் டிக் அடித்து வந்தவர்களுக்குத் தாம் சேர்ந்ததே நினைவிருக்காது. நாலு மடல் கழித்து ஸ்பேம் பொத்தானை அழுத்துபவர்களில் இவர்கள் கணிசம். 2021-இல் வந்த பீஹைவ் சந்தாவில் பங்கு எடுப்பதில்லை. ஆனால் அதன் திரை முழுக்க வளர்ச்சி, விளம்பரம் என்றே பேசும், எழுதுகிறவருக்குக் கொஞ்சம் இரைச்சல். பட்டன்டவுன் சின்னது, அமைதியானது, மார்க்டவுனில் (எளிய குறிகளால் வடிவமைக்கும் முறையில்) எழுதப் பழகியவர்களுக்குப் பொருந்தும்.

கோஸ்ட் 2013 முதல் இருக்கும் திறமூல மென்பொருள். லாபநோக்கற்ற அறக்கட்டளை நடத்துவது. சந்தாவில் பங்கு இல்லை. அதைச் சொந்த சர்வரில் நிறுவுபவர்கள் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். எஸ்எம்டிபி விவரம் (மின்னஞ்சல் அனுப்பும் சர்வரின் விவரம்) கொடுத்தவுடன் உள்நுழைவு மின்னஞ்சல்கள் போகும். எல்லாம் முடிந்தது என்று நினைத்து மடலை வெளியிட்டால் அது போகாது. மொத்தமாக அனுப்பும் மடலுக்கு மெயில்கன் என்ற மின்னஞ்சல் அனுப்பும் சேவையின் கணக்கைத் தனியாக இணைக்க வேண்டும். எழுதுவதை மட்டும் பார்க்க விரும்புபவர் சொந்த சர்வர் பக்கமே போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அப்டேட், பேக்கப் என்று மாதத்தில் இரண்டு மாலை நேரங்களை அது தின்றுவிடும்.

சொந்த டொமைனில் அனுப்பினால், மடல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் டிஎன்எஸ் பதிவுகளான எஸ்பிஎஃப் (யார் அனுப்பலாம்), டிகேஐஎம் (கையொப்பம்), டிமார்க் (சோதனையில் தவறினால் என்ன செய்வது) மூன்றையும் அமைத்துக்கொள்ள வேண்டும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இவற்றில் கெடுபிடியாகிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவருக்கு மூன்றும் வேண்டும், ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும். சிறிய பட்டியல் வைத்திருப்பவரும் இதை அப்படியே பின்பற்றுவது நல்லது. வழக்கமாக நடக்கும் பிழைகள் இவை. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். ஏற்கெனவே ஒன்று இருக்க, தளம் சொன்னதை இரண்டாவதாகச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. இரண்டையும் ஒரே வரியில் இணைக்க வேண்டும், அதற்குள் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டக்கூடாது. டிகேஐஎம்முக்குத் தளம் தரும் பெயரை முழுதாக ஒட்டினால், சில டிஎன்எஸ் பலகைகள் டொமைனைத் தாமே ஒருமுறை பின்னால் சேர்த்துவிடும். பெயர் இரட்டித்து, சரிபார்ப்பு நாள்கணக்கில் "நிலுவையில்" என்றே நிற்கும். டிஎன்எஸ்ஸுக்குக் கிளவுட்ஃபிளேர் சேவையைப் பயன்படுத்தினால் அந்தப் பதிவுகளுக்கு ஆரஞ்சு மேகக் குறியை (அதன் சர்வர் வழியே திருப்பிவிடும் வசதியை) அணைத்துவிடுங்கள். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் மட்டும் வைத்து, சில வார அறிக்கைகளைப் பார்த்த பிறகே இறுக்க வேண்டும். அவசரப்பட்டு இறுக்கினால், வாடிக்கையாளருக்கு அனுப்பும் இன்வாய்ஸும் சேர்ந்து ஸ்பேமுக்குப் போகும். மடலுக்கென்று ஒரு துணை டொமைன் வைத்துக்கொள்வது இதனால்தான்.

ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பது நல்லது என்கிறது கூகுள். 300 பேர் பட்டியலில் ஒரே ஒருவர் புகார் அழுத்தினாலே 0.33 ஆகிவிடும்! இவ்வளவு சிறிய அளவுக்கு, இந்த விகிதத்தை அனுப்புநருக்குக் காட்டும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் கருவியும் எண் காட்டாது. ஆகவே சேரும்போதே மின்னஞ்சல் வழியாக உறுதிசெய்யும் முறையை இயக்கிவையுங்கள். அதில் சிலர் உறுதிசெய்யாமலே நழுவுவார்கள், பரவாயில்லை. விலகும் சுட்டியை மடலின் மேலேயும் ஒருமுறை வைக்கலாம். விலகுவது கடினமானால் ஆள் தேடுவது ஸ்பேம் பொத்தானைத்தான்.

தமிழில் எழுதுபவருக்குத் தனியாக ஒரு சிக்கல். மடலின் எச்டிஎம்எல் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் அதை வெட்டி, மீதியைப் பார்க்க ஒரு சுட்டி மட்டும் காட்டும். படங்கள் இதில் சேராது, எழுத்தும் வடிவமைப்புக் குறிகளும்தான் கணக்கு. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. "கொ" என்பது இரண்டு குறியீடு, அதாவது ஆறு பைட். சொல்லுக்குச் சராசரி 25 முதல் 30 பைட் என்று வைத்தால், 3,000 சொல் கட்டுரை எழுத்தளவிலேயே 75 முதல் 90 கேபி. வார்ப்புருவும் கண்காணிப்புச் சுட்டிகளும் மேலே ஏறினால் எல்லை தாண்டியாயிற்று. வெட்டுப்பட்ட மடலில் அடியிலுள்ள விலகும் சுட்டி மறையும். மடல் திறக்கப்பட்டதா என்று கணக்கிடும், கண்ணுக்குத் தெரியாத படமும் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும், அதுவும் போய்விடும். 1,800 சொல்லுக்குள் நிறுத்துங்கள், அல்லது மீதியை இணையப் பக்கத்தில் வையுங்கள். வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் வடிவமைப்புக் குப்பையும் எடையைக் கூட்டும். வெறும் எழுத்தாக ஒட்டி, தடித்த எழுத்தை அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

திறப்பு விகிதத்தைப் பார்த்து மகிழவோ துக்கப்படவோ தேவையில்லை. 2021 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 15 முதல், ஆப்பிள் மெயிலின் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்குப் படங்கள் முன்கூட்டியே இறக்கப்படுகின்றன. திறக்காத மடலும் திறந்ததாகக் கணக்கில் ஏறும். கிளிக்கும் முழு நம்பகமில்லை. அனுப்பிய சில நொடிகளில் எல்லாச் சுட்டிகளும் அழுத்தப்பட்டிருந்தால் அது அலுவலக மெயில் பாதுகாப்பு மென்பொருளின் வேலை. மிஞ்சுவது பதில் கடிதங்கள். மடலுக்கு இரண்டு பேர் எழுதினாலும், எந்த விஷயம் ஒட்டியது என்பது அதில் தெரியும். ஆறு மாதமாக அசைவில்லாதவர்களை நீக்குவதற்கு முன், "தொடர விருப்பமா?" என்று கேட்டு, ஒரு சுட்டியை அழுத்தச் சொல்லி ஒரு மடல் அனுப்புங்கள். படங்களை முடக்கி வைத்துவிட்டு ஒழுங்காகப் படிப்பவர்களும் அசைவில்லாதவர் போலத்தான் தெரிவார்கள்.

பணத்துக்கு வருவோம். மாதம் 5 டாலர் சந்தாவில், பணம் வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் வழக்கமான அமெரிக்க விகிதப்படி 2.9 சதவீதமும் 30 சென்டும், தொடர் சந்தாவுக்கு 0.7 சதவீதமும் போகும். சப்ஸ்டாக்கின் 10 சதவீதத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 98 சென்ட் கழியும், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அதையே ஆண்டுக்கு 50 டாலராக வாங்கினால் கழிவது 7.10 டாலர், 14 சதவீதம்தான். அந்த 30 சென்ட் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே விழுவதுதான் காரணம். ஆண்டுச் சந்தாவை முன்னால் வையுங்கள். ஆனால் ஆண்டுப் பணம் வாங்கினால் ஆண்டு முழுவதும் எழுதக் கடன்பட்டாயிற்று. ஆறு மாத இலவச மடல்கள் தவறாமல் போன பிறகே கட்டணச் சந்தாவுக்கான பொத்தானைத் திறப்பது நல்லது.

வாரம் ஒரு மடல் என்று அறிவிப்பவர்கள் மூன்றாம், நான்காம் மாதத்தில் மூச்சு வாங்குவது வழக்கம். 1,000 சொல் மடலுக்கு எழுத ஐந்து மணி நேரம், சுட்டி சரிபார்க்க, சோதனை மடல் அனுப்பி கைபேசியில் பார்க்க ஒரு மணி நேரம். மாதம் நாலு மடல் என்றால் 24 மணி நேரம், கூலி வரும் வேலையில் மூன்று நாள். இரு வாரத்துக்கு ஒன்று, கையிருப்பில் எப்போதும் மூன்று மடல் என்பது தாங்கும். மடலில் வந்ததைப் பல எடிட்டர்கள் "ஏற்கெனவே வெளியானது" என்றே எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். விற்கக்கூடிய கட்டுரையை மடலில் கரைத்துவிட்டு பிறகு வருந்தக்கூடாது. பத்திரிகைக்கு எழுதியதை மடலில் போடுவதானால் ஒப்பந்தத்தில் பத்திரிகைக்கு மட்டுமேயான உரிமைக் காலம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு கேன்-ஸ்பாம் சட்டப்படி வணிக மின்னஞ்சலில் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும் என்பதால், பல தளங்கள் மடலின் அடியில் அதைக் கேட்கும். வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டால் பட்டியலிலுள்ள அத்தனை பேருக்கும் அது போய்ச் சேரும், திரும்பப் பெற முடியாது. அஞ்சல் பெட்டி எண் போதும்.

மாதத்தின் முதல் நாள் பட்டியலைச் சிஎஸ்வி (எளிய அட்டவணைக்) கோப்பாக இறக்கி வையுங்கள், சேர்ந்த தேதியும் எந்த வழியாகச் சேர்ந்தார் என்பதும் உட்பட. ஸ்ட்ரைப் கணக்கு சொந்தப் பெயரில் இருந்தால் கட்டணச் சந்தாதாரர்களையும் தளம் மாற்றிக்கொள்ளலாம். மாறும் நாளில் எல்லாரும் செய்யும் தவறு, தற்போதைய சந்தாதாரர்களை மட்டும் ஏற்றிவிட்டு, விலகியவர்களின் பட்டியலைப் பழைய தளத்திலேயே விட்டுவிடுவது. பிறகு எப்போதாவது ஒரு பழைய சிஎஸ்வியைத் தேடி ஏற்றும்போது, எப்போதோ விலகியவர்களுக்கு மறுபடி மடல் போகும், புகார்கள் ஒரே நாளில் குவியும். விலகியவர் பட்டியலைத் தனிக் கோப்பாக இறக்கி, புதிய தளத்தின் தடைப்பட்டியலில் முதலில் அதை ஏற்றுங்கள். சந்தாதாரர் கோப்பு அதற்குப் பிறகு.