ஸ்டீயரிங்கை விட பிரேக்கைப் பாருங்கள்: ஜி29, டி300, டிடி ப்ரோ ஒப்பீடு

கார் ரேஸ் கேம் ஆட லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங்-பெடல் செட் வாங்கி மாட்டியவர்கள் முதல் வாரத்தில் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான்: “பிரேக் கல்லாட்டம் இருக்குங்க, அமுங்கவே மாட்டேங்குது.” அந்தப் பெட்டிக்குள் வரும் பொருட்களிலேயே நிஜக் காருக்கு ஓரளவு கிட்ட வருவது அந்த பிரேக்தான். பெடலுக்குள் ஸ்பிரிங்கோடு ஒரு ரப்பர் கட்டையும் இருக்கிறது. ஸ்பிரிங் கொஞ்ச தூரம் இறங்கும், அப்புறம் ரப்பர் தடுக்கும். காரிலும் பிரேக் பெடல் சிறிது போனதும் இறுகிவிடும். அதற்கு மேல் வண்டி எவ்வளவு நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது காலின் அழுத்தம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஜி29 அளப்பது அழுத்தத்தை அல்ல, பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை. அதனால் ரப்பரில் மிதிக்கும் கடைசி சில மில்லிமீட்டருக்குள் 60 சதவீதத்துக்கும் 90 சதவீதத்துக்கும் வித்தியாசம் காட்ட வேண்டியிருக்கிறது. ரப்பரைக் கழற்றி வீசச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. கழற்றினால் மிதிக்கச் சுகமாக இருக்கும், பிரேக் பிடிக்கும் இடம் ஒவ்வொரு வளைவிலும் மாறும். எங்கள் கட்சி, கழற்றாதே.

கோவைப் பக்கம் இந்தப் பைத்தியம் புதிதல்ல. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டிய நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். கேரள எல்லையான வாளையாறு தாண்டி கஞ்சிக்கோடு, பாலக்காடு, சித்தூர் வரை தமிழ் பேசும் வீடுகளில் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) இருந்தால் பக்கத்திலேயே ஒரு ஸ்டீயரிங்கும் இருக்க வாய்ப்பு அதிகம். கோ-கார்ட்டாவது ஓட்டிப் பார்த்த ஆள் புது ஸ்டீயரிங்கிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: முன் டயர் பிடியை விடும்போது கையில் தெரியுமா?

தெரியவேண்டியது இதுதான். வளைவில் முன் சக்கரம் தானாக நேராகத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் ஸ்டீயரிங்கில் கனமாகத் தெரிகிறது. டயர் தன் எல்லையை நெருங்கும்போது இழுப்பு குறைய ஆரம்பிக்கும், கை லேசாகும். அந்த லேசான கணத்தில் இன்னும் திருப்பினால் பயனில்லை, சற்று நேராக்க வேண்டும். இதைக் கைக்குக் கொண்டுவருகிறதா என்பதை வைத்துத்தான் ஒரு கேமையும் ஒரு ஸ்டீயரிங்கையும் எடைபோட வேண்டும். கிராஃபிக்ஸ் எல்லாம் அப்புறம்.

கன்சோலில் இதில் முதலிடம் அசெட்டோ கோர்ஸா காம்பெடிட்ஸியோனேவுக்கு. இத்தாலியின் குனோஸ் சிமுலாட்ஸியோனி செய்தது. கன்சோலுக்கு 2020இல் வந்தது, பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் 2022இல். ஜிடி3 எனும் ரேஸுக்கென்றே மாற்றிய ஸ்போர்ட்ஸ் கார்கள்தான் இதன் உயிர், ரோட்டுக் கார் தேடி வந்தால் ஏமாற்றம்தான். ஆனால் அந்தக் கார்களில் டயர் சூடு, காற்றழுத்தம், ஏபிஎஸ் எல்லாம் கணக்கில் வரும். சூடேறிய டயரில் அழுத்தம் 26 முதல் 27 பிஎஸ்ஐக்குள் இருந்தால் வண்டி சொன்னபடி கேட்கும். 28ஐத் தாண்டினால் வளைவில் வழுக்கும். முதல் ரவுண்டிலேயே “ஓட்ட முடியலை” என்று கேமை மூடுகிறவர்கள் பாதிப்பேர் குளிர்ந்த டயரில் முழு வேகம் போனவர்கள். பிஎஸ்4இல் இது நொடிக்கு 30 ஃபிரேம்தான், பிஎஸ்5இல் 60. ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும்போது இந்த வித்தியாசம் கண்ணை விடக் கைக்கு அதிகம் தெரியும். பிஎஸ்4 வைத்திருப்பவர்கள் இந்த கேமுக்காக ஸ்டீயரிங் வாங்க வேண்டாம்.

கிரான் டூரிஸ்மோ 7 (ஜிடி7) வேறு ரகம். 2022 மார்ச்சில் வந்தது, பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் ஓடும். ரேஸ் காரை விட ரோட்டுக் காரின் கனத்தை, அது ஒருபக்கம் சாய்ந்து நிமிர்வதை இது நன்றாகக் காட்டும். முன் டயர் விடுவதையும் சொல்லும், கொஞ்சம் மெத்தை போர்த்திய மாதிரிச் சொல்லும். இதில் நிஜத்தைக் கெடுப்பது பெரும்பாலும் டயர்தான். கம்ஃபர்ட், ஸ்போர்ட்ஸ், ரேஸிங் என மூன்று வகை, ஒவ்வொன்றிலும் ஹார்ட், மீடியம், சாஃப்ட். சாதாரண ஹேட்ச்பேக்கில் ரேஸிங் சாஃப்ட் போட்டுவிட்டு “கார் ரோட்டில் ஒட்டிக்கிட்டுப் போகுது, இதென்ன ரியலிசம்” என்று கேட்பதில் நியாயமில்லை. சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இதில் உண்டு. அதற்குக் கம்ஃபர்ட் மீடியம் போட்டு, டிராக்‌ஷன் கண்ட்ரோலை (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் உதவி) 0 ஆக்கி, ஏபிஎஸ்ஸை மட்டும் விட்டுவைத்து ஓட்டிப் பாருங்கள். நம் ரோட்டில் ஓடுவது வேறு வண்டி என்றாலும், முன் வீல் டிரைவ் காரில் வளைவுக்குள் ஆக்சிலரேட்டர் மிதித்தால் மூக்கு வெளியே போகும் அந்தக் குணம் அப்படியே இருக்கும்.

இன்னொன்று: ஜிடி7இல் ஜப்பானியக் கார்கள் பலவும் நம்மைப் போல வலப்பக்க ஸ்டீயரிங். கியர் ஷிஃப்டர் வாங்குவதானால் அதை இடக்கைப் பக்கம் மாட்டுங்கள், காரில் பழகிய கை தானாகவே போகும். லாஜிடெக் ஷிஃப்டர் தனியாக விற்கிறது, ஆறு கியர், ரிவர்ஸுக்கு அமுக்கித் தள்ள வேண்டும். அது இல்லாமல் ஜி29இன் கிளட்ச் பெடல் ஜிடி7இல் சும்மா கிடக்கும்.

எக்ஸ்பாக்ஸ் வீடுகளில் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 2023. டயர் தரையைத் தொடும் இடத்தைப் பழைய ஃபோர்ஸாவில் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டதை இதில் எட்டாக்கினார்கள், அது கையில் தெரிகிறது. ஃபோர்ஸா ஹொரைசனை நாங்கள் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அது அருமையான கேம், ஆனால் கையில் பிடிக்கும் கண்ட்ரோலர் வைத்து ஆடத்தான் லாயக்கு. நெல்லியாம்பதி மாதிரி கொண்டை ஊசி வளைவுகளில்தான் ஆசை என்றால் டர்ட் ராலி 2.0 பழசாகிவிட்டாலும் இன்னும் தாங்கும். ஒரு வருத்தம்: நம் நாட்டு டிராக் ஒன்றுகூட இந்த மூன்று பெரிய கேம்களிலும் கிடையாது. 2011 முதல் 2013 வரை வந்த எஃப்1 கேம்களில் நொய்டாவின் புத் சர்க்யூட் இருந்தது.

இனி ஸ்டீயரிங்.

ஜி29 பல்சக்கரத்தில் ஓடுவது. 900 டிகிரி சுற்றும், கையைத் திருப்பும் விசை ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். 2015இல் வந்த சாமான், இன்னும் விற்கிறது என்றால் காரணம் உழைப்புதான். கெர்ப் (டிராக் ஓரத்து மேட்டு விளிம்பு) ஏறினால் கடகடவென்று சத்தம், ராத்திரி அடுத்த அறையில் தூங்குகிறவர்களுக்குக் கேட்கும். நடுவில் சில டிகிரிக்கு ஒன்றுமே தெரியாத மந்தமான இடம் உண்டு. நேர் ரோட்டில் 200 கிலோமீட்டரில் போகும்போது எரிச்சலூட்டுவது அதுதான். காம்பெடிட்ஸியோனேவில் சிறு விசையையும் கைக்குத் தெரியவைக்கும் ‘மினிமம் ஃபோர்ஸ்’ என்ற அமைப்பை 10இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். கையை எடுத்ததும் ஸ்டீயரிங் தானாக இடதும் வலதும் ஆட ஆரம்பிக்கும் இடம் வரும், அங்கிருந்து இரண்டு குறைத்தால் சரியான அளவு. ‘கெய்ன்’, அதாவது மொத்த விசையின் அளவு, 75ஐ ஒட்டி. அதை 100இல் வைத்தால் பலம் கூடும் என்று நினைக்கிறார்கள். மோட்டாரால் முடிந்ததற்கு மேல் கேம் கேட்கும்போது எல்லா விசையும் ஒரே உச்சத்தில் போய் முட்டி நிற்கும். வேகமான நீண்ட வளைவில் கெர்ப், சறுக்கல், மேடு எல்லாம் ஒரே கனமாகத் தெரிந்தால் கெய்ன் அதிகம் என்று பொருள். ஜிடி7இல் ‘மேக்ஸ் டார்க்’ 5 அல்லது 6, ‘சென்சிடிவிட்டி’ 3 அல்லது 4 போதும்.

ஜி923க்கு ‘ட்ரூஃபோர்ஸ்’ என்று எஞ்சின் அதிர்வைக் கைக்குத் தரும் வசதி சேர்த்தார்கள், ஜிடி7 அதை ஏற்கும். உள்ளே அதே பல்சக்கரம். விலை வித்தியாசம் சிறிதென்றால் வாங்கலாம், பெரிதென்றால் அந்தக் காசை ஸ்டீயரிங் மாட்டும் இரும்புச் சட்டத்துக்கு வையுங்கள்.

திரஸ்ட்மாஸ்டர் டி300 ஆர்எஸ் பெல்ட்டில் ஓடுவது, 1080 டிகிரி, விசை 4க்குச் சற்றுக் கீழே. நடுவில் மந்தம் கிடையாது, டயர் விடுவது ஜி29ஐ விட ஒரு கணம் முன்னாலேயே தெரியும். சத்தம் குறைவு. ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் பாலக்காட்டு வீட்டில் ஏசி இல்லாத அறையில் தொடர்ந்து ஓட்டினால் உள்ளே மோட்டார் சூடேறி விசை தளர்ந்துகொண்டே வரும், விசிறி எவ்வளவு சுற்றினாலும். கெய்னை 65க்குக் கீழே வைப்பது மருந்து. இதோடு வரும் பெடல் இந்தக் குடும்பத்திலேயே பலவீனமான உறுப்பு, பிரேக் வெறும் ஸ்பிரிங். ஆனால் திரஸ்ட்மாஸ்டரின் டி-எல்சிஎம் பெடலை நேராக இதன் பின்னால் சொருகலாம். அது அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பெடல். டி300உடன் டி-எல்சிஎம், இதுதான் இந்த விலை வரம்பில் எங்கள் தேர்வு. யூஎஸ்பியில் ஓடும் வேறு கம்பெனி பெடல் எதையும் நம்பி வாங்காதீர்கள். கணினியில் ஓடும், கன்சோலில் ஓடாது. பெடல் ஸ்டீயரிங் பெட்டி வழியாகத்தான் போக வேண்டும்.

ஃபனாடெக்கின் கிரான் டூரிஸ்மோ டிடி ப்ரோவில் பல்சக்கரமும் இல்லை, பெல்ட்டும் இல்லை. மோட்டார் தண்டிலேயே ஸ்டீயரிங். 5 நியூட்டன் மீட்டர், கூடுதல் மின்சப்ளை வாங்கினால் 8. பிஎஸ்5ஐ விட விலை அதிகம். முன் டயர் பிடியை விடும் கணம் இதில் ஒரு சுவிட்சைத் தட்டியது போலத் தெளிவு, மினிமம் ஃபோர்ஸை 0 ஆக்கிவிடலாம். இதற்கு லோட் செல் பிரேக் தனியாக வாங்கவேண்டும். அது இல்லாமல் 8 நியூட்டன் மீட்டர் வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வளைவுக்குள் நுழைந்துகொண்டே பிரேக்கை மெல்ல விடும் வித்தையில்தான் நேரம் கிடைக்கிறது. கால் ஒரே அழுத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளும், ஒரே தூரத்தை அவ்வளவாக வைத்துக்கொள்ளாது.

எதை வாங்கினாலும் பிளைவுட் கம்ப்யூட்டர் மேசை தாங்காது. ஜி29ஐக் கூட அதன் கிளாம்பில் மட்டும் நம்பாமல் அடியில் இருக்கும் இரண்டு எம்6 துளைகளில் போல்ட் போடுங்கள். கணபதியிலோ கஞ்சிக்கோட்டிலோ ஒரு வெல்டிங் பட்டறையில் 40க்கு 40 மில்லிமீட்டர் சதுர எம்எஸ் குழாயில் சட்டம் அடிக்கச் சொன்னால் ஒரு நாள் வேலை. பெடல் தகட்டில் துளைக்குப் பதில் 7 மில்லிமீட்டர் அகல நீள்வெட்டுப் போடச் சொல்லுங்கள், முன்னும் பின்னும் நகர்த்தலாம். பிரேக்கை முழுக்க மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங் உச்சியில் அமர வேண்டும். சக்கரம் வைத்த ஆஃபீஸ் நாற்காலி வேண்டவே வேண்டாம். பிரேக் மிதித்தால் ஆள்தான் பின்னால் போவார். டைல்ஸ் தரையில் பெடல் வழுக்கினால் சுவருக்கும் பெடலுக்கும் நடுவே மரச்சட்டம் கொடுங்கள்.

கணவாய்க் காற்றில் கோவைப் பக்கம் புழுதி, ஜூன் பிறந்தால் பாலக்காட்டுப் பக்கம் ஈரம். இரண்டுமே ஜி29 பெடலுக்கு ஆகாது. காலை வைக்காமலே பிரேக் பட்டை திரையில் துள்ளினால் உள்ளே பெடல் இறங்கும் தூரத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு. இணைப்பைக் கழற்றி, அடியிலுள்ள திருகுகளைத் திறந்து, எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பெடலை இருபது முப்பது முறை மிதித்து, காயவிட்டு மூடுங்கள். எண்ணெய் விடும் சாதாரண துரு ஸ்பிரே அடித்தால் புழுதி இன்னும் ஒட்டும். கரண்ட் போய் வந்தால் ஸ்டீயரிங் தானாக இரு பக்கமும் சுற்றி நடுவைத் தேடும், அப்போது கை வைக்கக்கூடாது. வைத்தால் நடு தவறி, நேர் ரோட்டில் கோணலாகப் பிடித்து ஓட்டவேண்டி வரும். டிவியில் ‘கேம் மோட்’ போட மறக்காதீர்கள். மறந்தால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய துல்லியம் டிவியிலேயே தாமதமாகிவிடும்.

வாங்கும் இடம் பற்றி: ஜிஎஸ்டி வந்தபிறகு வாளையாறு தாண்டினால் வரி மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மிச்சம் தள்ளுபடியில்தான். ஓணத்துக்குப் பாலக்காட்டுக் கடைகள், தீபாவளிக்குக் கோவைக் கடைகள், இரண்டுக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டரை மாதம்தான், விலை கேட்டு வைத்துக்கொள்ளலாம். பழசு வாங்குவதானால் முதலில் அது ஜி29ஆ ஜி920ஆ என்று பாருங்கள். ஜி29இல் பிளேஸ்டேஷன் வட்டம், முக்கோணம், மேலே பிஎஸ்3/பிஎஸ்4 என்று மாற்றும் சுவிட்ச். பிஎஸ்5க்கும் அதைப் பிஎஸ்4இல்தான் வைக்க வேண்டும். ஜி920 கன்சோலில் எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும், ஒன்றை மற்றொன்றாக்க முடியாது. 24 வோல்ட் அடாப்டர் கூடவே வருகிறதா பாருங்கள். விற்பவர் வீட்டிலேயே கரண்ட் கொடுத்து, அது தானாகச் சுற்றி நடுவில் நிற்கிறதா பாருங்கள். சற்றுக் கோணலாக நின்றால் மோட்டார் தண்டில் சுழற்சியை அளக்கும் என்கோடர் வட்டு விரிசலாக இருக்கலாம், அதற்கேற்ப விலை பேசுங்கள். மூன்று பெடலையும் மெதுவாக மிதித்துத் திரையில் பட்டை துள்ளாமல் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.